கல்ஃபானின் இரண்டு குகைகள்

ஐம்பத்தாறு வயதில் ஒருத்தி நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். ரய்யா அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. ஸர்ஹா பள்ளத்தாக்கின் முகப்பில் பிறந்து, பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்க்கைப்பட்டு, ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்து மஸ்கட்டுக்கும் ஸூருக்கும் அனுப்பிவைத்துவிட்டு, பன்னிரண்டு ஆடுகளோடும் முப்பது பேரீச்ச மரங்களோடும் தனியாகக் காலம் தள்ளுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். பன்னிரண்டு ஆடும் சேர்ந்து கத்தினாலும் அக்கா குரல்தான் மேலே கேட்கும் என்று அவளுடைய சக்களத்தி நஸ்ரா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த நஸ்ராவால்தான் இந்த நீச்சலே வந்தது.

ஸர்ஹாவில் ஒரு வழக்கம். பள்ளத்தாக்குக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மடுக்கள் வரும். மூன்றையும் தாண்டினால் மலை இரண்டாகப் பிளந்த இடத்தில் ஓர் இடுக்கு. தண்ணீருக்கு மேலே ஒரு தலை நுழையும் அளவுக்குத்தான் இடம். அதற்குள் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நீந்திப் போனால் ஒரு குகை, குகைக்குள் ஓர் அருவி. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை தனியாக அங்கே போக வேண்டும். தோல் பையில் அருவித் தண்ணீரைப் பிடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஈர உடம்போடு ஊருக்குத் திரும்பி, கையோடு மணப்பெண்ணின் இரண்டு கைகளிலும் அதை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது உள்ளே தான் கண்டதை அவள் காதில் சொல்ல வேண்டும். அவள் காதில் மட்டும். அவன் உயிரோடு இருக்கும்வரை அதை அவள் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. ஆண்கள் தங்களுக்குள் கூட அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். பெண்கள் முதல் மடுவைத் தாண்டிப் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் யாரும் போனதில்லை. அவர்களுக்கு நீந்தத் தெரியாது, யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை.

ரய்யாவின் கையில் கல்ஃபான் தண்ணீர் ஊற்றியபோது அவளுக்குப் பத்தொன்பது, அவனுக்கு இருபத்திரண்டு. உள்ளே கூரை மூடிக்கிடக்கிறது, ராத்திரி மாதிரி இருட்டு, ஆனால் தண்ணீர் தானாகவே பச்சையாக ஒளி விடுகிறது, மேலே ஒரு வெள்ளைக் கல் திட்டில் இரண்டு புறாக்கள் கூடு கட்டியிருக்கின்றன, நான் போனபோது அவை பயப்படவே இல்லை என்று சொன்னான். சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. ரய்யா அதைக் கேட்டுக் கிறங்கிப்போனாள். பெரியவனுக்குக் காய்ச்சல் கண்டு விடிய விடிய மடியில் வைத்திருந்தபோதும், மழை இல்லாமல் மூன்று வருடம் மரங்கள் காய்ந்தபோதும் அவள் கண்ணை மூடி அந்தப் பச்சைத் தண்ணீரைத்தான் நினைத்துக்கொள்வாள்.

பதினோரு வருடம் கழித்து கல்ஃபான் நஸ்ராவைக் கட்டிக்கொண்டு வந்தான். ரய்யா நாற்பது நாள் அவனோடு பேசவில்லை. அவன் சாப்பிட உட்கார்ந்தால் ரொட்டியை அவன் முன்னால் எறியாத குறையாக வைப்பாள். வயிறு எரிந்தது, அதை மறைக்கவும் இல்லை. நாற்பத்தோராம் நாள் எப்படியோ மனம் ஆறியது. சின்னவளுக்கும் தண்ணீர் ஊற்றியிருப்பான், காதில் ஏதோ சொல்லியிருப்பான், அது அவளுடையது. ஆனால் முதலில் கேட்டவள் நான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில், ஆளுக்கு ஒரு நாள் முறை, பெருநாளில் பொதுச் சமையல் என்று இருபத்துநான்கு வருடம் ஓடிவிட்டது. இரண்டு பெண்களும் சண்டை போட்டுக்கொள்ளாத வாரம் இல்லை. ஒருத்திக்குப் பிரசவம் என்றால் இன்னொருத்தி போய் நிற்காமலும் இருந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கல்ஃபான் பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருந்தார்கள். அது முடிந்த காலையில் ஊர்ப் பெண்கள் ரய்யா வீட்டில் கூடி, ஏலக்காய் போட்ட காப்பியும் பேரீச்சம்பழமுமாக ஆறுதல் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது நஸ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் சொல்லலாம் இல்லையா என்று ஆரம்பித்தாள். குகைக்கு மேலே ஒரு ஓட்டை, அதில் வானம் தெரியும், அந்த ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒரு காட்டத்தி மரம் தலைகீழாகத் தொங்குகிறது, அதன் வேர் தண்ணீரைத் தொடுகிறது, அருவி இரண்டாகப் பிரிந்து விழுந்து பாதி வழியில் ஒன்றாகச் சேருகிறது, அவர் சொன்னார் என்றாள்.

ரய்யா கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் தன் பங்கைச் சொன்னாள். மூடிய கூரை, பச்சை ஒளி, புறாக்கள். வந்த பெண்கள் எல்லாரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பேச்சை மாற்றுவதற்காக எலுமிச்சை விலையைப் பற்றி ஏதோ சொன்னாள். அது எடுபடவில்லை.

"கூரை மூடிக் கிடந்தா புறா எந்த வழியா உள்ள போச்சு? அதுவும் மூக்கைத் தூக்கிட்டு நீந்திப் போச்சாக்கும்?" என்றாள் நஸ்ரா.

"மரம் தலைகீழாத் தொங்குமாம். புத்தி தலைகீழா இருக்கறவளுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்" என்றாள் ரய்யா.

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விஷயம் என்னவென்று ஊரில் எல்லாருக்கும் புரிந்தது. கல்ஃபான் ஒருத்தியிடம் நிஜத்தைச் சொல்லியிருக்கிறான், இன்னொருத்தியிடம் கதை விட்டிருக்கிறான். கதை கேட்டவள் யார்? ஒரு புருஷனின் வாயிலிருந்து உண்மை கிடைத்தவள் ஒருத்தி, ஏமாந்தவள் ஒருத்தி. முப்பத்தேழு வருடம் தான் கண்ணை மூடிப் பார்த்தது பொய்யான தண்ணீரா என்று தெரியாமல் சாக முடியாது என்று ரய்யாவுக்குத் தோன்றிவிட்டது.

முதலில் தம்பி ஹுமைதிடம் போனாள். பள்ளத்தாக்கின் முகப்பில் தேங்கி நிற்கும் ஆழத் தண்ணீரைக் கடக்க ஆட்களைப் படகில் ஏற்றி இறக்குவது அவன்தான். குளிர்காலத்தில் முதுகில் பையும் காலில் தடித்த செருப்புமாக எப்போதாவது வருகிற வெளிநாட்டுக்காரர்களையும் அவன்தான் அக்கரையில் விடுவான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனிடம் கேட்டாள். நான் பார்த்தது என் பெண்டாட்டியுடையது, அவளைக் கேள் என்றான். அவன் பெண்டாட்டியிடம் போனால், உங்கள் தம்பி இன்னும் உயிரோடுதானே இருக்கிறார், நான் எப்படிச் சொல்வேன் என்று அவள் கையை விரித்தாள். நஸ்ராவின் மகன் ஃபோனில் யாரோ எடுத்த படத்தைத் தேடிக் கொண்டுவந்தான். இருட்டில் ஈரத் தலையோடு ஒரு வெள்ளைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான், அவன் காதோரத்தில் வெள்ளையாக ஏதோ. அது அருவியாகவும் இருக்கலாம், புறாவாகவும் இருக்கலாம். அதை வைத்து இரண்டு பெண்களும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள்.

அப்புறம்தான் ரய்யா நீச்சல் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தாள்.

மலைத் தண்ணீர் ஊருக்குள் வருகிற ஃபலஜ் வாய்க்காலில் பெண்கள் குளிக்கவென்று சுவர் வைத்த தொட்டி ஒன்று உண்டு. நெஞ்சளவு ஆழம். அதிகாலைத் தொழுகை முடிந்து வெயில் ஏறும்வரை பெண்கள் நேரம். ரய்யா இரண்டு காலித் தண்ணீர்க் கேன்களை மூடி இறுக்கி, கயிற்றால் கக்கத்தில் கட்டிக்கொண்டு இறங்கினாள். முதல் நாள் கேன்கள் மேலே போயின, அவள் கீழே போனாள். மூக்கு, காது, வாய் எல்லா வழியாகவும் தண்ணீர் குடித்தாள். நஸ்ரா தினமும் தொட்டிச் சுவர்மேல் உட்கார்ந்து பேரீச்சங்கொட்டையைத் துப்பிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். அக்கா நீந்துகிறாளா, வாய்க்காலைக் கடைகிறாளா தெரியவில்லை என்பாள். மூன்றாம் வாரம் ரய்யா ஒரு கேனை அவிழ்த்தாள். ஆறாம் வாரம் இரண்டாவதையும் அவிழ்த்துவிட்டுத் தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்ச் சேர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அன்று நஸ்ரா வாயில் இருந்த கொட்டையைத் துப்பிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் வந்து, நானும் வருகிறேன் என்றாள்.

"நீ எதுக்கு?"

"நீ மட்டும் போயிட்டு வந்து உன் கதைதான் நிஜம்னு சொன்னா நான் நம்பணுமா? இடுக்கு வரைக்கும் வரேன். வெளிய வர்ற உன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன்."

நியாயம்தான் என்று ரய்யாவுக்குப் பட்டது. நஸ்ராவுக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. அவளுக்காக ஹுமைத் ஒரு லாரி டியூபைக் காற்றடித்துக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டார்கள். விடுமுறை நாட்களில்தான் வெளியாட்கள் வருவார்கள் என்பதால் அந்த நாள். ஹுமைத் இருவரையும் படகில் அக்கரை சேர்த்தான். முதல் மடு வரை கூட வந்து, பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாகத் தன் தலைத்துணியை அவிழ்த்து ஒரு மரத்தில் கட்டிவிட்டு, யாரும் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். நேரம் ஆனால் குரல் கொடுப்பேன், பதில் வரவில்லை என்றால் உள்ளே வந்துவிடுவேன் என்றும் சொல்லிவைத்தான். அவன் முகத்தில் ஒரு சங்கடம். ஊரில் எத்தனை ஆண்களுடைய கதை இன்று வெளியே வரப்போகிறதோ என்கிற கவலையாகவும் இருக்கலாம்.

முதல் மடுவரை ரய்யாவுக்குப் பழக்கம். ஆட்டுக்குப் புல் அறுக்க வருவாள். வெளியே போன வருடம் ஒரே ஒரு நாள்தான் மழை பெய்தது. கடலிலிருந்து மலைவரை காய்ந்த கல் தவிர வேறு ஒன்றும் இல்லை. இங்கே இரண்டு பக்கமும் செங்குத்தாக ஏறி நிற்கும் பழுப்பு மலைக்கு நடுவில், வாழையும் பேரீச்சையும் நிழல் போட, தண்ணீர் சத்தம் போடாமல் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவு நாளும் இதுதான் பள்ளத்தாக்கு என்று நினைத்திருந்தாள்.

முதல் மடுவைத் தாண்டியதும் அவள் பேச்சு நின்றது. ரய்யாவின் பேச்சு நிற்பது சாதாரண விஷயம் இல்லை. மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் தெரிந்தது. வீடளவு பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. பெருவெள்ளம் உருட்டி வந்தவை. அவற்றின் வயிறு தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று இருந்தது. தண்ணீரின் நிறத்துக்கு அவளிடம் சொல் இல்லை. அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணலாம் போல இருந்தது, கையை விட்டால் எட்டவில்லை. மூன்று ஆள் ஆழம் என்று அப்போதுதான் புரிந்தது. சின்னச் சின்ன மீன்கள் வந்து காலைக் கடித்துப் பார்த்தன.

முழங்கால் வலியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தே ஐம்பத்தாறு வருடம் வாழ்ந்திருக்கிறேன், வீட்டுக்குள் இப்போதுதான் வருகிறேன் என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நஸ்ரா, எப்போதும் ஏதாவது குத்தல் பேசுகிறவள், டியூபைத் தோளில் மாட்டியபடி வாயைத் திறந்து மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸுப்ஹானல்லாஹ் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

இரண்டாவது மடுவில் ரய்யா நீந்தினாள். நஸ்ரா டியூபில் உட்கார்ந்து, கயிற்றின் மறுமுனையை ரய்யாவின் இடுப்பில் கட்டிவிட்டு, இழுத்துக்கொண்டு போகச் சொன்னாள். சக்களத்தியைச் சுமக்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் தண்ணீரிலும் விடாது என்று ரய்யா முணுமுணுத்தாள். மூன்றாவது மடு நிழலில் இருந்தது. தண்ணீர் குளிர்ந்தது. அதன் கடைசியில், மலையின் அடியில், அந்த இடுக்கு. உள்ளேயிருந்து இடைவிடாத ஒரு உறுமல் வந்தது. டியூப் இடுக்கின் வாயில் மோதி நின்றது. அதற்குமேல் நுழையாது.

நஸ்ரா பாறையைப் பிடித்துக்கொண்டு டியூபில் இருந்தாள். ரய்யா கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். ஆறு வாரம் காத்திருந்த நேரம் வந்ததும் அவள் இடுக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே மிதந்தாள். உள்ளே என்ன இருந்தாலும், வெளியே வரும்போது தான் இப்போதிருக்கும் ரய்யாவாக இருக்க முடியாது என்று தெரிந்தது. புறாக்களைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவள் நொறுங்கிப்போவாள். மரத்தைப் பார்த்தால் நொறுங்கப்போவது ரய்யா.

"பயமா இருந்தா திரும்பிடலாம் அக்கா," என்றாள் நஸ்ரா. குரலில் கிண்டல் இல்லை.

ரய்யா முகத்தை மேலே தூக்கிக்கொண்டு இடுக்குக்குள் போனாள். நெற்றிக்கு ஒரு சாண் மேலே பாறை. இரண்டு தோளும் இரண்டு பக்கமும் உரசின. காது தண்ணீருக்குள் இருந்ததால் அந்த உறுமல் வெளியே கேட்பதை நிறுத்திவிட்டுத் தலைக்குள் கேட்டது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சுவரில் விரல்களைப் பதித்துப் பதித்து உடம்பை இழுத்தாள். பத்துப் பதினைந்து இழுப்புதான் இருக்கும், அதற்குள் கலிமாவை மூன்று தடவை சொல்லிவிட்டாள். திடீரென்று நெற்றிக்கு மேலே பாறை இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

மேலே, எவ்வளவு மேலே என்று சொல்ல முடியாத உயரத்தில், மலை வட்டமாகத் திறந்திருந்தது. அங்கிருந்து வெயில் ஒரு தூண் மாதிரி நேராக இறங்கித் தண்ணீருக்குள் நின்றது. அந்தத் தூணுக்குள் நீர்த்திவலைகள் பொன்னாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. சுவர்கள் நேராக இல்லாமல் துணி மடிப்பு மடிப்பாகத் தொங்குவது போல வளைந்து வளைந்து ஏறின, ஒவ்வொரு மடிப்பிலும் ஒவ்வொரு நிறம், ரோஜா, பழுப்பு, தேன். அருவி விழும் சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. தண்ணீர் எலும்பைத் தொடுகிற குளிர். அவள் நீந்துவதை மறந்தாள், மூழ்கி ஒரு மிடறு குடித்து மேலே வந்தாள், ஒரு கல் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அழுதாள். சத்தம் போட்டு அழுதாள், அந்த உறுமலில் அவள் அழுகை அவளுக்கே கேட்கவில்லை. இதைப் படைத்தவன் யாரும் பார்ப்பார்களா மாட்டார்களா என்று கவலைப்படவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆட்டுக்குப் புல் அறுத்த நாளிலும், நாற்பது நாள் பேசாமல் இருந்த நாளிலும், இத்தா இருந்த நாளிலும் இந்த வெயில் இப்படியே இங்கே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. அதற்கப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மேலே ஓட்டை. அதன் விளிம்பிலிருந்து தலைகீழாக ஒரு காட்டத்தி. மரத்தின் வேர்கள் பாறையை விட்டு இறங்கி, கயிறு கயிறாக வந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. அருவி இரண்டாகப் பிரிந்து விழுந்து, பாதி வழியில் ஒன்றாகச் சேர்ந்தது. கல்ஃபான் நஸ்ராவிடம் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான்.

ரய்யா அந்தக் குளிர்ந்த தண்ணீரில் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். பத்தொன்பது வயதில் அந்தக் கைகளில் விழுந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. வெயில் காய்ந்த முதல் மடுத் தண்ணீர். இருபத்திரண்டு வயதுக் கல்ஃபான் இந்த இடுக்கைப் பார்த்துப் பயந்து திரும்பியிருக்கிறான். திரும்பும் வழியில் ஒரு குகையையும் இரண்டு புறாக்களையும் யோசித்துக்கொண்டே நடந்திருக்கிறான். அவன் குரல் ஏன் நடுங்கியது என்று இப்போது தெரிந்தது. முப்பத்து மூன்று வயதில் இன்னொருத்திக்காகத் தைரியம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகும் இருபத்துநான்கு வருடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான், ஒரு தடவை கூட வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு வலித்தது. நெஞ்சில் கத்தி இறங்கியது போலத்தான் வலித்தது. ஆனால் அந்த இடத்தில் அந்த வலி மிகச் சின்னதாக இருந்தது, அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

இடுக்கு வழியாகத் திரும்பி வந்தபோது நஸ்ரா டியூபின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குளிரில் உதடு நீலமாக, அவள் முகத்தையே பார்த்தாள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன் என்றவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன அக்கா பாத்தே?"

ரய்யா பாறையைப் பிடித்து மூச்சு வாங்கினாள். நஸ்ராவுக்கு நீந்தத் தெரியாது. ஊர் ஆண்கள் யாரும் சொல்லப்போவதில்லை. இரண்டு புறா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சக் காலம் முழுவதும் ஜெயித்தவள் அவள்தான். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த கண்ணை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"உங்கிட்ட சொன்னதுதான் நெசம். மரம் இருக்கு. வேர் தண்ணியத் தொடுது. எல்லாம் அப்படியே இருக்கு."

நஸ்ரா சிரிப்பாள், துள்ளுவாள் என்று ரய்யா எதிர்பார்த்திருந்தாள். நஸ்ரா டியூபிலிருந்து ஒரு கையை எடுத்து ரய்யாவின் ஈரத் தோளில் வைத்தாள். இரண்டு வருடமாக அவள் ஜெயிக்கத்தான் நினைத்தாள், ஜெயித்தால் என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை போலிருக்கிறது.

"அப்போ உங்கிட்ட ஏன் அப்படிச் சொன்னாரு?"

"பயந்துட்டாரு. சின்னப் பையன்தானே. உள்ளயே போகல."

"எனக்காக மட்டும் எதுக்கு உள்ள போய்..." என்று ஆரம்பித்த நஸ்ரா முடிக்கவில்லை. இடுக்குக்குள் எட்டிப் பார்த்தாள். "எனக்கு உள்ள போகணும். என்னைக் கூட்டிட்டுப் போ அக்கா."

ரய்யா அவளை மேலும் கீழும் பார்த்தாள். தன் தலைத்துணியை அவிழ்த்து ஒரு முனையை இடுப்பில் முடிந்து, மறுமுனையை நஸ்ராவின் மணிக்கட்டில் சுற்றினாள். வாயை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் மேலே வை, உதைக்காதே, உதைத்தால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றாள். நஸ்ரா டியூபை விட்டாள். இடுக்குக்குள் பாதி தூரத்தில் அவள் பயந்து உதைத்தாள். ரய்யாவின் விலாவில் ஒரு உதை விழுந்தது. ரய்யா விட்டுவிட்டுப் போகவில்லை. விரல் நகங்கள் கல்லில் தேய, தன் உடம்பையும் அவள் உடம்பையும் சேர்த்து இழுத்தாள்.

உள்ளே வந்ததும் நஸ்ராவைக் கல் விளிம்பில் சாய்த்து, அவள் கையை எடுத்து ஒரு வேரைப் பிடிக்க வைத்தாள். நஸ்ரா இருமி, கண்ணைத் திறந்து, மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் தூண் இதற்குள் சற்று நகர்ந்து அருவியைத் தொட்டிருந்தது. இரண்டு நீர்க்கோடுகளும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு வானவில் நின்றது. கல்ஃபான் அதைச் சொல்லவில்லை. அவன் வந்த நேரத்தில் அது இருந்திருக்காது.

நஸ்ரா திரும்பி ரய்யாவைப் பார்த்தாள். ரய்யாவும் அவளைப் பார்த்தாள். பார்த்தாயா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணத்தில் ரய்யாவுக்குத் தன் புருஷன்மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"பாவம் அவரு," என்று அருவிச் சத்தத்துக்கு மேலே நஸ்ராவின் காதில் கத்தினாள்.

"எதுக்கு?"

"இங்க தனியா நின்னிருக்காரு. இதைப் பாத்துட்டுத் திரும்பினா பக்கத்துல யாரும் இல்ல."

நஸ்ரா வேரைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு ரய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட்டுப் பதில் வராமல் இடுக்கின் வாய்வரை வந்துவிட்ட ஹுமைத், நேரமாகிறது என்று கத்தியது உறுமலுக்கு நடுவே லேசாகக் கேட்டது. இதோ என்று பதில் கத்திவிட்டு இருவரும் அங்கேயே இருந்தார்கள்.